மயக்க மருந்தை நினைத்தால் வரும் பயம்: வாசகர் கேள்விகளும் வைத்தியரின் பதில்களும்

சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் தங்கள் மனத்திலுள்ள கேள்விகளை எழுதியனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் வெட்டுக் காயத்தைப் பற்றிக் கேட்டவர்கள் சிலரே. பெரும்பாலானோர் கேட்டிருந்தது மயக்க மருந்தைப் பற்றித்தான். இந்த மாவட்டங்களின் சத்திரசிகிச்சைத் தியேட்டர்களில் மயக்க மருந்து வைத்தியராகப் பல ஆண்டுகள் நின்றிருப்பதால் இது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. தள்ளுவண்டியில் வருபவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றே: "நான் திரும்ப எழும்புவேனா ஐயா?" அதைக் கேட்பதற்கு உரிய இடம் பல நாட்களுக்கு முந்திய கிளினிக். அங்கேயோ நீண்ட வரிசையும், வெட்கமும், வைத்தியரின் அவசரமும் சேர்ந்து வாயை அடைத்துவிடுகின்றன. ஆகவே, இங்கே கேட்டவற்றுக்கு அவசரமில்லாமல் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. பித்தப்பையில் கல் இருப்பதால் அடுத்த மாதம் கமரா மூலம் சத்திரசிகிச்சை செய்யவுள்ளார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் என்னை இழுத்துச் சென்றது. மூச்சு முட்டி, நீரைக் குடித்து, ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினேன். அன்றிலிருந்து முகத்தை எது மூடினாலும் நெஞ்சு படபடக்கிறது. கொரோனாக் காலத்தில் முகக்கவசம் அணியவே முடியவில்லை. மயக்கம் கொடுக்கும்போது முகத்தில் மூடி ஒன்றை வைத்து அமுக்குவார்கள் என்கிறார்கள். அதை நினைத்தே இரண்டு முறை திகதியைத் தள்ளிப்போட்டுவிட்டேன்.
(வாசகி, பெரியகல்லாறு)

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியதில் வெட்கப்பட ஏதுமில்லை. நம் கரையில் அந்தக் காலைப் பொழுதைக் கண்டவர்களில் உங்களைப் போன்றோர் பலர் இருக்கிறார்கள். மூச்சு முட்டியதை உடல் எளிதில் மறப்பதில்லை. தியேட்டருக்குள் என்ன நடக்கும் என்பதை நடக்கும் ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

நீங்கள் கட்டிலில் படுத்ததும் நெஞ்சில் சில ஒட்டுகளும், கையில் இரத்த அழுத்தப் பட்டியும், விரலில் ஒரு கிளிப்பும் மாட்டுவார்கள். இரத்தத்திலுள்ள ஒட்சிசனை அளக்கும் அந்தக் கிளிப்பின் தத்துவத்தை 1974 ஆம் ஆண்டளவில் கண்டறிந்தவர் தக்குவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியியலாளர். உங்கள் காதில் விழும் 'பீப், பீப்' ஒலி அதிலிருந்தே வருகிறது. ஒட்சிசன் குறைந்தால் அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். ஆகையால் எங்கள் கண் வேறெங்கோ இருந்தாலும் காது உங்களிடமே இருக்கும்.

அதன் பின்னர்தான் நீங்கள் அஞ்சும் மூடி வருகிறது. அந்த நேரத்தில் அதற்குள் வருவது வெறும் ஒட்சிசன். நித்திரை மருந்து உடலில் ஏறியதும் உங்கள் மூச்சு சிறிது நேரம் நின்றுவிடும். அப்போது உங்களுக்காக மூச்சு விடும் பொறுப்பு எங்களுடையதாகிறது. அந்தக் கைமாற்றத்துக்குக் கையிருப்பு வேண்டும் என்பதற்காகவே, நுரையீரலில் நிறைந்திருக்கும் நைதரசனை வெளியேற்றி ஒட்சிசனால் நிரப்பிக்கொள்கிறோம். மூன்று நிமிடங்கள் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். நல்ல உடல்நிலையிலுள்ள ஒருவருக்கு ஒரு நிமிடமளவே இருக்கும் கையிருப்பு, அதனால் பல நிமிடங்களாக நீளும். அந்த மூடி உங்கள் மூச்சை அடைக்க வருவதாக நினைக்கிறீர்கள். உங்களுக்கு மூச்சைச் சேமித்துத் தருவதற்குத்தான் அது வருகிறது.

அதை மற்றவர் பிடித்து அமுக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. நீங்களே உங்கள் கையால் பிடித்துக்கொள்ளலாம். வேண்டியபோது விலக்கி, மறுபடி வைக்கலாம். அதுவும் இயலாவிட்டால், மூடியைக் கழற்றிவிட்டுக் குழாயின் முனையை உதடுகளால் கவ்விக்கொண்டு வாயால் மூச்செடுக்கலாம். நித்திரை மருந்து போவது கையில் போட்ட கனூலா என்ற மெல்லிய குழாய் வழியாக. பெரும்பாலும் அது பால் போன்ற வெண்மையான மருந்து; சோயா எண்ணெயில் கலந்திருப்பதால் அந்த நிறம். ஏறும்போது கை சற்று எரியக்கூடும். அரை நிமிடமளவில் நித்திரை வந்துவிடும். மூச்சுக்குழாயில் குழாய் வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பது, நீங்கள் அறியமாட்டீர்கள்.

இன்னொன்றைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். உங்களைப் பொறுத்தவரை அதுவே முக்கியமானது. கண் விழிக்கும்போது உங்கள் முகத்தில் மீண்டும் ஓர் ஒட்சிசன் மூடி இருக்கக்கூடும். அரைத் தூக்கத்தில், முன்னறிவு இல்லாமல் அதை உணர்பவருக்குக் கடல் திரும்பி வந்துவிட்டது போல் தோன்றலாம். மூக்கின் நுனியில் மட்டும் வைக்கும் சிறு குழாயைப் பயன்படுத்துமாறு முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலானோருக்கு அது போதுமானது. தொண்டை ஓரிரு நாள் கரகரக்கும். கமரா சத்திரசிகிச்சையில் வயிற்றுக்குள் வாயு நிரப்புவதால் வலத் தோளில் நோவு வரலாம். அது இதயக் கோளாறு அல்ல, தானாகவே தணியும்.

இவை அனைத்தையும் கிளினிக்கிலேயே, தியேட்டர் வாசலுக்கு வருமுன், மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் இரவு பயம் தணிய ஒரு குளிசை தேவையா என்பதையும் அவர் பார்த்துக்கொள்வார்.

என் பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மறுநாள் சத்திரசிகிச்சைக்கு இருந்த ஒரு தாயிடம், "ஒன்றும் நடக்காது, பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். மறுநாள் தியேட்டரில் அவரது இரத்த அழுத்தம் எகிறிச் சத்திரசிகிச்சை பிற்போடப்பட்டது. மாலையில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கேட்டபோதுதான், பல வருடங்களுக்கு முன் அவருடைய அக்கா தியேட்டருக்குள் போய்த் திரும்பி வராததைச் சொன்னார். அதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

உரையாடலால் பயம் தணியுமா என்பது வெறும் நம்பிக்கை சார்ந்த விடயமல்ல, அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 1846 ஒக்டோபர் 16 அன்று ஈதர் மயக்கம் உலகுக்குக் காட்டப்பட்ட அதே மசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில், 1960களின் தொடக்கத்தில் லோரன்ஸ் எக்பேர்ட் என்ற மயக்க மருந்து வைத்தியர், முதல் நாள் வந்து கதைத்து விளக்கப்பட்ட நோயாளிகளையும் நித்திரை மருந்து மட்டும் கொடுக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டார். மருந்து பெற்றவர்கள் தூக்கக் கலக்கத்தோடு வந்தார்கள். விளக்கம் பெற்றவர்கள் தெளிவோடும் அமைதியோடும் வந்தார்கள். 1964 இல் 97 பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் நோவு எப்படியிருக்கும், எப்படி மூச்செடுத்துத் திரும்பிப் படுக்க வேண்டும் என்று முன்னதாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு வலிநீக்கி மருந்து பாதியளவே தேவைப்பட்டது. அவர்கள் சராசரியாக 2.7 நாட்கள் முந்தியே வீடு திரும்பினார்கள். வாய்ச் சொல்லும் ஒரு மருந்து என்று மாணவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: எனக்கு இரண்டாவது பிரசவம் சிசேரியன் என்று சொல்லிவிட்டார்கள். நாரியில் ஊசி போட்டால் ஆயுள் முழுவதும் நாரி நோவு என்றும், சிலருக்குக் கால் இழுத்துவிடும் என்றும் மாமி சொல்கிறார். முழு மயக்கம் கேட்கலாமா? ஆண்கள் நடுவே விழித்திருக்க வேண்டுமே என்ற கூச்சமும் இருக்கிறது.
(வாசகி, சம்மாந்துறை)

பதில்: மாமியின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் அவர் கேள்விப்பட்டது சரியல்ல. முள்ளந்தண்டுக்குள் இறங்கும் முண்ணாண் என்ற நரம்புத் தண்டு, நாரியின் முதலாவது அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. அங்கே நீர்மத்தில் மிதக்கும் நரம்பு இழைகளே இருக்கின்றன. மெல்லிய ஊசியின் முனை படும்போது அவை பெரும்பாலும் நழுவி விலகிவிடும். பிரித்தானியாவில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய ஊசிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வில், நிரந்தரப் பாதிப்பு 100,000 பேரில் 2 முதல் 4 பேருக்கே என்று கணக்கிடப்பட்டது. நாரி நோவைப் பொறுத்தவரை, பிள்ளையைச் சுமந்த பத்து மாதமும், பின்னர் குனிந்து பாலூட்டுவதும், தூக்குவதும் முழு மயக்கம் பெற்ற தாய்மாருக்கும் அதே நோவைத் தருகின்றன. ஊசி போட்ட இடம் சில நாள் கன்றியிருக்கும். நீண்டகால நோவுக்கு ஊசியே காரணம் என்று காட்டப்படவில்லை.

தலையிடி மாத்திரம் உண்மை. ஊசித் துளை வழியாக நீர்மம் கசிவதால் சிலருக்கு எழுந்து இருந்தால் கூடி, படுத்தால் குறையும் ஒரு தலையிடி வரும். 1898 இல் இந்த முறையைத் தொடங்கிய ஜேர்மன் வைத்தியர் ஓகஸ்ட் பியர் தன் முள்ளந்தண்டிலேயே ஊசி குத்தச் செய்து, பல நாட்கள் தலையிடியோடு படுத்திருந்தார். இன்றைய ஊசிகள் மிக மெல்லியவை. அதனால் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்தாலும் சிகிச்சை உண்டு. வீட்டுக்குப் போன பின் வந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் திரும்பி வாருங்கள்.

முழு மயக்கத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கர்ப்பிணிக்குத் தொண்டை வீங்கியிருக்கும், வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் போகக்கூடிய ஆபத்தும் அதிகம். ஆகவே வேறு காரணமில்லாவிட்டால் நாங்கள் முதுகு ஊசியையே விரும்புகிறோம். அன்று நீங்கள் உணரப்போவது இதுதான்: கால்கள் சூடாகி, பாரமாகி, உங்களுடையவை அல்லாதது போலாகும். கீறுவதற்கு முன் குளிர்ச்சி தெரிகிறதா என்று தொட்டுச் சோதிப்பார்கள். அவசரப்பட்டு "தெரியவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். வயிற்றுக்குள் யாரோ கை விட்டு இழுப்பது, அமுக்குவது தெரியும். நோவு தெரியக் கூடாது. நோவு தெரிந்தால் உடனே சொல்லுங்கள், மறுபடி மருந்து கொடுக்கவும் வேண்டுமாயின் முழு மயக்கத்துக்கு மாற்றவும் வழி உண்டு. இரத்த அழுத்தம் இறங்கினால் சத்தி வருவது போலிருக்கும். அதையும் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் சரிசெய்யலாம். உடல் நடுங்கினால் பயப்பட வேண்டாம்.

கூச்சத்தைப் பற்றி: நெஞ்சுக்கு மேலே ஒரு திரை கட்டப்படும், தலைமுடி தியேட்டர் தொப்பிக்குள் மறைந்திருக்கும். தேவையான இடம் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கும். பெண் தாதியர் உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை, தயங்க வேண்டியதில்லை. பிள்ளையின் முதல் அழுகையை நீங்கள் விழித்திருந்து கேட்பீர்கள், மகள். எத்தனையோ தாய்மாரின் முகத்தில் அந்த நேரத்தில் வரும் மாற்றத்தைப் பார்த்திருக்கிறேன். பயத்தின் சுவடே இருப்பதில்லை.

கேள்வி: படுவான்கரையில் வயல் செய்யும் என் அப்பாவுக்கு 68 வயது, குடலிறக்கச் சத்திரசிகிச்சை. நாள் முழுவதும் வெற்றிலை போடுவார், இரவில் சாராயமும் உண்டு. சீனி வருத்தத்துக்குக் குளிசையோடு நாட்டு மருந்தும் குடிக்கிறார். வைத்தியர் ஏசுவார் என்று எதையும் சொல்ல வேண்டாம் என்கிறார். இவற்றுக்கும் மயக்க மருந்துக்கும் தொடர்புண்டா?
(வாசகர், கொக்கட்டிச்சோலை)

பதில்: தொடர்பு மிகவும் உண்டு, தம்பி. அப்பா மறைக்க நினைக்கும் ஒவ்வொன்றும் எங்களுக்கு வேண்டிய தகவல். பாக்கு நெடுங்காலம் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் திறக்கும் அளவு சுருங்கிவிடும். அவருடைய மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். முடியாவிட்டால் மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்கு வழி அமைப்பது கடினமாகும். முன்பே தெரிந்தால் அதற்குரிய கருவிகளோடு ஆயத்தமாக இருப்போம், அல்லது முதுகு ஊசியிலேயே முடித்துவிடத் திட்டமிடுவோம். ஆடும் பல், கட்டுப்பல் எதையும் சொல்லுங்கள்.

சாராயத்தைப் பற்றி ஏன் கேட்கிறோம் என்றால், தினமும் குடிப்பவருக்கு வைத்தியசாலையில் திடீரென அது நின்றதும் இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கி, மனம் பேதலித்து, கட்டிலிலிருந்து எழுந்து ஓடப் பார்ப்பார். முன்னரே அறிந்தால் தடுக்க மருந்து இருக்கிறது. இந்தக் கேள்வியின் நோக்கம் ஏசுவதல்ல. ஏசும் வைத்தியரைச் சந்தித்தால், அதற்காக உண்மையை விழுங்கிவிட வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எல்லாக் குளிசைகளையும் உறையோடு கொண்டுபோங்கள். நாட்டு மருந்தின் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். சீனிக் குளிசை, லொசார்டான் போன்ற சில பிரஷர் குளிசைகள், இரத்தம் உறையாமலிருக்கும் குளிசைகள் ஆகியவற்றில் எதை எப்போது நிறுத்துவது, எதை அன்று காலையிலும் ஒரு மிடறு நீரோடு எடுப்பது என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். சொந்தத்தில் யாருக்காவது மயக்க மருந்தின்போது காய்ச்சல் எகிறியதா, மயக்கத்தின் பின் நெடுநேரம் மூச்சு திரும்பாமல் இருந்ததா என்றும் விசாரியுங்கள். இவற்றில் சில பரம்பரையாக வருபவை. மச்சான் மச்சாள் உறவில் திருமணம் நடக்கும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் பெறுமதி உண்டு.

கேள்வி: சத்திரசிகிச்சையின் நடுவில் விழித்துக்கொண்டு, கத்தவும் முடியாமல் கிடந்தவர்களைப் பற்றிக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரையில்லை.
(வாசகர், செங்கலடி)

பதில்: அது முற்றிலும் கற்பனை என்று சொல்லமாட்டேன். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடத்தி 2014 இல் வெளியிட்ட பெரும் ஆய்வில், முழு மயக்கம் பெற்ற ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர் அவ்வாறு உணர்ந்ததாக முறையிட்டிருந்தார். அவர்களிலும் பலர் உணர்ந்தது நோவு அல்ல. மயக்கம் ஏறும்போதோ இறங்கும்போதோ சில நிமிடம் கேட்ட குரல்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கும்போதும், அவசரச் சிகிச்சைகளிலும் இதன் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே மருந்தின் அளவைத் தொடர்ந்து பார்க்கிறோம். நித்திரை மருந்தை ஒரு தடவை கொடுத்துவிட்டு நாங்கள் வெளியே போய்விடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். கடைசித் தையல் முடிந்து நீங்கள் கண் திறக்கும்வரை மயக்க மருந்து வைத்தியர் ஒருவர் தலைமாட்டிலேயே நிற்பார். முன்பு எப்போதாவது இப்படி உணர்ந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

"திரும்ப எழும்புவேனா" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்தே காரணமாக ஒருவர் இறப்பது 100,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் என்று பிரித்தானியாவின் மயக்க மருந்து வைத்தியர்களுக்கான அரச கல்லூரி நோயாளிகளுக்குக் கூறுகிறது. அது அந்நாட்டுக் கணக்கு. வயது, நோய், அவசரம் ஆகியவற்றைப் பொறுத்து உங்கள் கணக்கு மாறும். உங்களுக்குரியதை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

கேள்வி: சத்திரசிகிச்சைக்குத் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னது மனத்தை வருத்துகிறது. அத்தோடு ஆளாளுக்கு வந்து பெயர் என்ன, எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவர்களுக்கே தெரியாதோ என்று பயந்துபோனேன்.
(வாசகி, தம்பிலுவில்)

பதில்: இரத்தக் கசிவை நிறுத்த மின்சூட்டுக் கருவி பயன்படுத்தப்படுவதால், உடலில் படும் உலோகம் சுடுவதற்கு இடமுண்டு; மோதிரமானால் விரல் வீங்கி இறுகும். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. தியேட்டர் வாசலில் அந்நியர் கழற்றுவதைவிட, வீட்டில் சாமிப் படத்தின் முன் கணவரின் கையிலேயே கழற்றிக் கொடுத்து, மஞ்சள் துண்டு கட்டிய நூலை அணிந்து வரும் பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் சத்திரசிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலும் அதற்கு அனுமதிப்பார்கள். விடுதித் தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாயத்து, கோயில் காப்பு நூல் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். நகப்பூச்சை மட்டும் நீக்கிவிடுங்கள், விரல் கிளிப் சரியாக அளக்க வேண்டும்.

பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்பது உங்களைக் காக்கும் ஏற்பாடு. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் அறிமுகப்படுத்திய சரிபார்ப்புப் பட்டியலின்படி, மயக்கத்துக்கு முன்பும், கீறுவதற்கு முன்பும், வெளியே கொண்டுபோகுமுன்பும் நின்று உரத்த குரலில் சரிபார்க்க வேண்டும். எட்டு நாடுகளிலுள்ள எட்டு வைத்தியசாலைகளில் இதைப் பின்பற்றத் தொடங்கியபின் இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது. பத்தாவது தடவை கேட்டாலும் முழுப் பெயரைச் சொல்லுங்கள். ஒருவரும் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகனுக்குத் தொண்டையில் டொன்சில் சத்திரசிகிச்சை. அவனிடம் என்ன சொல்வது? பசி தாங்கமாட்டான்.
(தாய், அக்கரைப்பற்று)

பதில்: "படம் பார்க்கப் போகிறோம்" என்று ஏமாற்றிக் கூட்டிவர வேண்டாம், அடுத்த முறை உங்களையும் நம்பமாட்டான், எங்களையும் நம்பமாட்டான். ஓரிரு நாள் முன்னதாக, தொண்டையைச் சுகமாக்கும்போது நோகாமலிருக்க ஒரு விசேட நித்திரை கொடுப்பார்கள், எழும்பும்போது அம்மா பக்கத்தில் இருப்பேன், தொண்டை கொஞ்சம் நோகும் என்று சொன்னால் போதும். ஊசியே இல்லை என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஊசி போடுமிடத்தை விறைக்கச் செய்யும் களிம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அதை ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே பூச வேண்டும்.

உணவும் பாலும் ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பால் தேநீரும், ஒரேயொரு பிஸ்கட்டும் உணவுதான். அழுகிறானே என்று இரக்கப்பட்டு அம்மம்மா மறைவாகக் கொடுக்கும் பிஸ்கட்டால் சத்திரசிகிச்சை பிற்போடப்படும், மறைத்தால் உயிருக்கே ஆபத்தாகும். தெளிந்த நீரை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்வரை கொடுக்கலாம் என்பது பொது விதி. சரியான நேரத்தை விடுதியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெறும் வயிற்றில் நள்ளிரவிலிருந்து தாகத்தோடு வாடவிடுவதும் நல்லதல்ல.

மூடி வழியாக வாயு கொடுத்து நித்திரையாக்கினால், கண் மேலே சொருகும், கை கால் உதறும், குறட்டை விடுவான். அது மயக்கம் ஏறும் வழமையான படி, பார்த்துப் பதறாதீர்கள். விழிக்கும்போது உங்களையே அடையாளம் தெரியாததுபோல் அரை மணித்தியாலம் வரை கத்தி அழக்கூடும். அவனைத் தட்டி எழுப்பவோ, கேள்வி கேட்கவோ முயல வேண்டாம். வீட்டில் நித்திரைக்கு அவன் பிடித்துக்கொள்ளும் பழைய சேலைத் துண்டைக் கழுவி எடுத்துவாருங்கள், தங்கச்சி; அதை அவன் கையில் கொடுத்து, உங்கள் குரல் கேட்கும்படி பக்கத்தில் இருங்கள்.